பாயசத்துக்கு எந்த அரிசி? சில குறிப்புகள்

போன ஆடி அமாவாசைக்கு ஆயாவுக்குப் படையல் போட வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழக்கமாக பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் வீட்டில் அம்மாதான் எல்லாம் செய்வார். இந்த முறை முழங்கால் ஆபரேஷன் முடிந்து அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் என் வீட்டில் இருந்தார்கள். மனைவிக்கு அன்று ஆபீஸில் ரிலீஸ். "பாயசம் நான் பாத்துக்கறேன்"னு வீராப்பாகச் சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகக் கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பால் பாயசம் வைக்கத் தெரியாதா என்ன?

தெரியவில்லை. வீட்டில் இருந்த பொன்னி அரிசியை ஒரு லிட்டர் பாலில் போட்டு, சர்க்கரையையும் அப்போதே கொட்டி, ஒன்றரை மணி நேரம் கிளறினேன். பால் சுண்டியது. அரிசி மட்டும் குண்டுமணி மாதிரி தனித்தனியாக நின்றது. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் காட்டினேன். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"புழுங்கலரிசியிலயா போட்ட? அது கஞ்சிக்கு ஆகும், பாயசத்துக்கு ஆகாதுடா."

பிறகு, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்க ஆயாவா இருந்தா சாமையில வெச்சிருக்கும்" என்றார்.

"சாமையில பாயசமா?"

"பின்ன? அப்ப நெல்லரிசி ஏதுடா வீட்ல?"

இந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பாயசத்துக்கு எந்த அரிசி என்று தேட ஆரம்பித்தவன் எங்கெங்கோ போய்விட்டேன். வழக்கம்போலக் குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரிசி என்பது நெல் மட்டுமா?

அம்மா "நெல்லரிசி" என்று சொன்னதைக் கவனித்தீர்களா? இன்று கடையில் போய் "நெல்லரிசி ஒரு கிலோ" என்று யாரும் கேட்பதில்லை. அரிசி என்றாலே நெல்தான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் வயதானவர்கள் இன்னும் பிரித்துத்தான் சொல்கிறார்கள்: சாமையரிசி, தினையரிசி, வரகரிசி, நெல்லரிசி. சோறும் அப்படித்தான். சாமைச்சோறு, கம்மஞ்சோறு, நெல்லுச்சோறு.

தமிழில் அரிசி என்பது ஒரு பயிரின் பெயராக மட்டும் இருந்ததில்லை. உமியோ தோலோ நீங்கிய விதைக்கெல்லாம் அந்தப் பெயர் பொருந்தும். மூங்கிலரிசி இருக்கிறது. ஏலக்காயை உரித்தால் உள்ளே இருப்பது ஏலரிசி. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி, வெட்பாலரிசி கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது எப்போது? எங்கள் ஊரைப் பொறுத்தவரை மூன்று தலைமுறைக்குள். ஆயா, அப்பா, நான்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை எங்கிருந்தோ இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் (99ஆம் பாட்டு) சொல்கிறார். ஆக, பாயசத்தில் இனிப்புக்கு உரிமை கொண்டாட எங்களுக்கு ஈராயிரம் வருஷத்து ஆதாரம் கையில் இருக்கிறது. அரிசிக்குத்தான் இல்லை.

பச்சையா, புழுங்கலா?

சரி, என் பாயசம் ஏன் கெட்டது? அரிசியில் இருக்கும் மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ், அமைலோபெக்டின். அமைலோஸ் அதிகம் இருந்தால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும். குறைவாக இருந்தால் குழையும், ஒட்டும். பாயசத்துக்கு அரிசி குழைந்து, அதன் மாவு பாலோடு கலக்க வேண்டும். அப்போதுதான் பால் கெட்டிப்படும்.

புழுங்கலரிசியில் என்ன நடக்கிறது என்றால், நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன்பிறகுதான் அரைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மாவு ஒரு தடவை வெந்து, ஆறி, இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய மணி மறுபடி வெந்தாலும் மாவைச் சுலபத்தில் வெளியே விடாது. தினமும் சாப்பிடும் சோற்றுக்கு இது நல்ல குணம். பாயசத்துக்கு இதுதான் கெட்ட குணம். நான் சர்க்கரையை முதலிலேயே கொட்டியது அடுத்த தப்பு. சர்க்கரை சேர்ந்துவிட்டால் அரிசி அதற்குமேல் சரியாக வேகாது.

புழுங்கலரிசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மருத்துவ வரலாற்றில் அதற்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. அதில் நம் ஆட்களும் வருகிறார்கள். பிரிட்டிஷ் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். அப்போதைய சேலம் மாவட்டமும் அதில் ஒன்று. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதே மலாயாவில் சுரங்க வேலைக்கு வந்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வம்.

பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து, வித்தியாசம் அரிசியில் இருக்கலாம் என்றார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. 1905இல் ஃபிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களிடையே நோயும் சாவும். புழுங்கல் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. (இன்றைய நியாயப்படி இந்தச் சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.) தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின்தான் விஷயம். நெல்லை அவிக்கும்போது அது மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. 'வைட்டமின்' என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. நெல் அவித்த நம் பெண்களுக்குச் சொல் தெரியாது. அவித்த அரிசி உடைவது குறைவு, சோறு நிற்கும், பழையசோறு நன்றாக இருக்கும் என்பது தெரியும்.

உடைவது குறைவு என்பது வெறும் நம்பிக்கை இல்லை. அரசு கொள்முதல் செய்யும் நெல்லை அரைக்கும் ஆலைகள் 100 கிலோ நெல்லுக்குத் திருப்பித் தரவேண்டிய அளவு: பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ.

புதுசா, பழசா?

இரண்டாவது கேள்வி இது. புது அரிசி சீக்கிரம் குழையும். மாதக்கணக்கில் வைத்திருந்த பழைய அரிசி தண்ணீரை நிறைய இழுக்கும், நன்றாக உப்பும், ஒட்டாமல் உதிரியாக வரும். தை மாசம் பொங்கலுக்குப் புத்தரிசி என்பது சம்பிரதாயம் மட்டும் இல்லை, பக்குவமும்தான். குழைய வேண்டிய பண்டத்துக்குக் குழையும் அரிசி.

இந்த அறிவு எவ்வளவு பழசு என்று பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், தெய்வங்களுக்குத் திருவமுது படைக்க வெறும் 'அரிசி' என்று எழுதாமல் 'பழவரிசி' என்று எழுதியிருக்கிறார்கள். தினப்படி அமுதுக்குப் பழைய அரிசி என்று கல்லில் வெட்டி வைக்கிற அளவுக்கு அது முக்கியம். அதோடு ஒரு கணக்கும் வரும்: ஐந்துக்கு இரண்டு. ஐந்து அளவு நெல் போட்டால் இரண்டு அளவு அரிசி. இது படியில் அளக்கிற அளவு, மேலே சொன்ன 67, 68 எடை. இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அரவைக்கு ஒரு ஸ்பெசிஃபிகேஷன் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

பொன்னி எந்த ஊர்?

மூன்றாவது கேள்வி, ரகம். இங்கேதான் நான் நன்றாக ஏமாந்திருந்தேன். பொன்னி என்றால் காவிரி. அந்தப் பெயரில் ஒரு அரிசி இருந்தால் அது சோழர் காலத்திலிருந்து டெல்டாவில் விளைந்தது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆசியா முழுக்கச் சோற்றுக்குத் தட்டுப்பாடு. 1950களில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு ஒரு திட்டம் போட்டது. நம் நாட்டு இண்டிகா நெல்லையும் ஜப்பான் பக்கத்து ஜப்பானிகா நெல்லையும் கலப்பது. வேலை நடந்த இடம் ஒரிசாவில் கட்டாக், மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே உண்டான கலப்பு விதைகள் பல நாடுகளுக்குப் போயின. மலாயாவின் 'மயாங் எபோஸ் 80' என்ற நெல்லையும் தைவானின் 'தாய்ச்சுங் 65' என்ற நெல்லையும் சேர்த்த விதை மலாயாவுக்குப் போய், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965இல் 'மசூரி' என்று வெளிவந்தது. அது பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கே வைத்த பெயர் பொன்னி. அதிலிருந்து தேர்வு செய்த வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியானது.

ஆக நம் பொன்னிக்கு அப்பா அம்மா தைவானும் மலாயாவும். பிறந்தது கட்டாக், வளர்ந்தது மலேசியா. புழுங்கலரிசி சாப்பிட்டுத் தமிழர்கள் பிழைத்த அதே மலாயா. பெங்களூரில் எல்லாரும் வாங்கும் சோனா மசூரியும் அந்த மசூரியின் வாரிசுதான். தருமபுரியில் பொன்னி, பெங்களூரில் சோனா மசூரி என்று பிராண்டு பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் ஒரே குடும்பத்துக்குள்தான் சண்டை போடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், 'பாரம்பரிய அரிசி' என்று விற்கும் கிச்சிலிச் சம்பாவைப் பாருங்கள். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் (தொடங்கியது 1912) 1921இல் வெளியிட்ட ஜி.ஈ.பி. 24 என்ற ரகத்துக்குத்தான் மக்களிடம் அந்தப் பெயர். ஜி.ஈ.பி. என்றால் அரசாங்கத் தாவரவியல் அதிகாரியின் ஆங்கிலப் பதவிப் பெயரின் சுருக்கம். கோணமணி என்ற நாட்டு நெல்லில் தானாக நேர்ந்த ஒரு மாற்றத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். நல்ல அரிசி. ஆனால் மன்னர் காலத்து அரிசி இல்லை. எது பழசு, எது புதுசு, எது நம்முடையது என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நஞ்சை, புஞ்சை, ரேஷன்

இப்போது ஆயா வீட்டுக்குத் திரும்பலாம். காவிரி ஒகேனக்கல் வழியாக எங்கள் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் மேட்டூருக்குப் போகிறது. ஆனால் பள்ளத்தில் போகிறது. எங்கள் நிலம் மேட்டில் இருக்கிறது. பொன்னி பக்கத்திலேயே ஓடினாலும் நெல் விளைய வேண்டும் என்றால் ஏரி நிறையணும், இல்லை கிணற்றில் ஊறணும்.

1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தபோது, ரீடும் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து நஞ்சை, புஞ்சை என்று தனித்தனியாக வரி போட்டார்கள். ரயத்துவாரி முறை வளர்ந்த இடம் இது. எங்கள் வீட்டுப் பட்டாவிலும் அதே இரண்டு வார்த்தைதான். புஞ்சை மூன்று ஏக்கர், நஞ்சை முப்பது செண்ட். அந்த முப்பது செண்டில் ஏரி நிறைந்த வருஷம் விளைந்த நெல்லை ஆயா குதிரில் போட்டுப் பூட்டி வைக்கும். பொங்கல், கல்யாணம், காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி, மாப்பிள்ளை வந்தால் சோறு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி, சாமைச்சோறு. அப்படியிருக்க, ஆடியில் இனிப்பு செய்ய வேண்டும் என்றால் அதற்குச் சாமைதான். சித்தேரி மலை, வத்தல்மலைப் பக்கம் இன்றும் சாமை போடுகிறார்கள்.

நிலைமை மாறியது ரேஷனால். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பேச்சு. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011இலிருந்து இலவசம். இதைக் கிண்டல் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்தில் வயிறு காயாமல் இருந்ததற்கு அந்த அரிசிதான் காரணம். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. உரலில் இடித்துப் புடைத்து எடுக்க வேண்டிய சாமையை, சும்மா வரும் அரிசிக்கு எதிரே எந்தப் பெண் பாடுபட்டு இடிப்பாள்? இடிப்பது நின்றது, விதைப்பதும் குறைந்தது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் மட்டும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். போனது சுற்றி வந்து கடைக்கே வந்திருக்கிறது.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவு படித்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள்.

தினப்படி சோற்றுக்குப் பழைய புழுங்கலரிசி. ஆறு மாசமாவது ஆனதாகக் கேட்டு வாங்குங்கள். பழையசோறு, கஞ்சி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

பொங்கலுக்கும் பாயசத்துக்கும் பச்சரிசி, அதுவும் புதுசு. பொன்னிப் பச்சரிசியே போதும். சீரகச் சம்பா பச்சரிசி கிடைத்தால் வாசனை கூடும். நீள அரிசி, பாஸ்மதி எல்லாம் வேண்டாம், அது பிரியாணிக்கு. பச்சரிசி நொய் இன்னும் சுலபம். ஒரு லிட்டர் பாலுக்கு 50 கிராமிலிருந்து 75 கிராம் வரை போதும். கழுவி வடித்து, கையால் லேசாக நொறுக்கிப் போட்டு, சின்னத் தீயில் வேகவிடுங்கள். விரலில் நசுக்கினால் மசிய வேண்டும். அப்புறம்தான் சர்க்கரை. வெல்லம் என்றால் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்தபின் சேர்க்கணும். இல்லாவிட்டால் பால் திரியும்.

சாமையும் இதே கணக்கில் வரும். அரிசியைவிடச் சீக்கிரம் வேகும். ஒரு எச்சரிக்கை: சாமையோ கேழ்வரகோ, எல்லாம் மாவுச்சத்துதான். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று நினைத்து இரண்டு தட்டு சாப்பிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. புரட்டாசி மகாளய அமாவாசைக்கு மறுபடி முயற்சி செய்தேன். ஊரிலிருந்து சாமை வரவழைத்து, வெல்லம் போட்டு ஆயாவுக்குப் பாயசம். அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, "ஆயா பக்குவம் வரல. ஆனா வெந்திருக்கு" என்றார். அதுவே பெரிய சர்டிபிகேட்.

அப்பாவிடம் கொண்டுபோனேன். சுகர் பேஷண்ட், கொஞ்சமாகத்தான் ஊற்றியிருந்தேன். பார்த்தார். "எனக்கு வேணாம்ப்பா. அதெல்லாம் தின்ன வரைக்கும் போதும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் களி உருண்டையை மற்ற பையன்கள் பார்க்காமல் புளிய மரத்துக்குப் பின்னால் போய்த் தின்றவர் அவர். தன் பிள்ளைகள் மூன்று வேளையும் நெல்லுச்சோறு சாப்பிட வேண்டும் என்று வேலைக்குப் போனவர். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்து, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, சிறுதானியத்தின் பெருமையை அவருக்கே எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமையை விட்டதற்கு அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு எழுதினால் இந்தக் குறிப்புகள் பாதிதான்.

அடுப்பில் பால் மிச்சம் இருந்தது. ஒரு பிடி பொன்னிப் பச்சரிசி போட்டு இன்னொரு பாயசம் வைத்தேன். நன்றாகவே குழைந்தது. அரை டம்ளர் குடித்தார். அம்மா டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தியும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.